ஆற்றுத்திட்டில் நின்ற கதவு

கதவு வந்து நின்ற அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பட்டாளத்திலும் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுதான் ஓடியது என்பதையும், வானத்தில் ஒரு விமானமும் இல்லை என்பதையும் பிற்பாடு எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கதவு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. யுத்தத்தில் எது எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தால், முதலில் நாம் எப்படி இங்கே வந்தோம் என்று கேட்க வேண்டியிருக்கும், அதற்கு அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

வடக்கு பர்மாவில் ஊருக்கொரு பெயர் வைத்திருந்த ஆறு அது. இந்தக் கரையில் மேஜர் ஹார்டிங் என்ற வெள்ளைக்காரரின் கீழ் இந்தியப் பட்டாளம், அந்தக் கரையில் கர்னல் லியூவின் கீழ் சீனப் பட்டாளம். இரண்டுக்கும் எதிரி ஒருவன்தான், ஜப்பான்காரன். ஆனால் எதிரி மலைக்கு அந்தப்புறம் இருந்ததாலும் கூட்டாளி கண்ணெதிரே இருந்ததாலும், அன்றாடக் கோபத்தையெல்லாம் கூட்டாளி மேல்தான் காட்ட முடிந்தது. நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு, திட்டில் ஒரு கூடாரம், கூடாரத்தில் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்து உத்திராபதி. இரண்டு பட்டாளத்துக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் தொடர்பு அதிகாரி அவர்தான்.

அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். மேஜர், "அந்தத் திருட்டுப் பயல்கள் என் கோவேறு கழுதைகளை எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேள்" என்று சீறுவார். உத்திராபதி மூங்கில் பாலத்தில் நடந்து அந்தக் கரைக்குப் போய், "உங்களிடம் தங்கியிருக்கும் கழுதைகளுக்குத் தீனிக்குச் சிரமமாக இருக்குமே என்று மேஜர் கவலைப்படுகிறார்" என்பார். கர்னல் லியூ, "அந்த மஞ்சள்மயிர்க் கிழவனுக்கு அரிசி கேட்டால் காது கேட்காது, கழுதை என்றால் கேட்குமோ" என்பார். உத்திராபதி திரும்பி நடந்துவந்து, "கர்னல் கழுதைகளை அனுப்புகிறார், அரிசியும் பேசலாமா என்று கேட்கிறார்" என்பார். எண்ணிக்கையை மாற்ற மாட்டார், நேரத்தை மாற்ற மாட்டார், சூட்டை மட்டும் காப்பி ஆற்றுவதுபோல ஆற்றித் தருவார். திட்டிலிருந்து கரைக்கு நடக்கும் தூரம் அதற்குத்தான் என்று சொல்லிக்கொள்வார். அவர் இல்லாவிட்டால் ஜப்பான்காரனுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

அவருக்குச் சீன பாஷை வந்தது சீன எல்லையோரத்து பர்மிய ஊரான லாஷியோவில். வாலிப வயதில் அங்கே யுன்னான் சீன வியாபாரிகளின் கழுதைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, தேயிலை மூட்டைக்கும் கழுதை லாடத்துக்கும் சண்டை போட்டுச் சண்டை போட்டே கற்றுக்கொண்டார். யுத்தம் பர்மாவுக்கு வந்தபோது, மற்றத் தமிழர்களோடு காட்டிலும் மலையிலும் நடந்து, கூட வந்தவர்களை வழியில் புதைத்துவிட்டு, பாதத்தில் தோலில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். அவர் மனைவி தையல்நாயகி அந்தக் கால்களை மடியில் வைத்து மாதக்கணக்கில் மஞ்சள் பற்றுப் போட்டாள். புண் முழுக்க ஆறியிருக்கவில்லை, அதற்குள் சீன பாஷை தெரிந்த ஆள் வேண்டுமென்று ராணுவத்திலிருந்து ஊரில் விசாரித்தார்கள். உத்திராபதி நின்ற இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டார். தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்கு உலகத்தில் யாரோ ஆள் தேடுகிறார்கள் என்ற பெருமை, வேறொன்றுமில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் தையல்நாயகி.

"நல்ல காரியம்தானே தையலு."

"கால் ஆறலைங்க. நான் போட்ட பத்து கூட இன்னும் காயல. அதுக்குள்ள அந்தக் காட்டுக்கே திரும்பிப் போறேங்கிறீங்க."

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் தெருமுனை திரும்பி மறையும்வரை கதவைச் சாத்தக்கூடாது. உடனே சாத்துவது, போனவர் திரும்பி வரவேண்டாம் என்று சொல்வதுபோல. உத்திராபதி பெட்டியோடு படி இறங்கிய அன்று, அவருடைய இரண்டாவது கால் தெருவில் படுவதற்கு முன்னாலேயே தையல்நாயகி கதவைப் படாரென்று சாத்தித் தாழ்போட்டாள். தெருவே பார்த்தது. தாழ்ப்பாள் விழுந்த அந்தச் சத்தம் ரயிலில் வந்தது, கப்பலில் வந்தது, மலைப் பாதையில் கழுதைகளுக்குப் பின்னால் வந்தது, மணல்திட்டில் அவரோடு படுத்துக்கொண்டது.

சத்தத்துக்குப் பின்னால் கதவும் வந்ததில் அப்படியொன்றும் அதிசயமில்லை.

நிலையில்லாமல், சுவரில்லாமல், மணலில் ஊன்றாமல் நிமிர்ந்து நின்றது அது. ஒற்றைக் கதவு. நல்ல காலத்தில் பர்மாவின் மோல்மீன் துறைமுகத்திலிருந்து உத்திராபதியே கப்பலில் ஏற்றி அனுப்பிய தேக்கு. பித்தளை வளையம், மாவிலை சொருகும் ஆணி, ஒரு புயல் வருஷத்தில் வெள்ளம் அரித்த கீழ் ஓரம், எல்லாம் அப்படியே. வெள்ளிக்கிழமை அல்லவா, மஞ்சளும் குங்குமமும் வைத்த ஈரம் காயவில்லை. உத்திராபதி தொட்டார், விரலில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் மணலும் நாணலும்தான். முன்பக்கம் வந்து காதை வைத்தால், உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம்.

அவர் தட்டினார். அரைப்பது நின்றது. பிறகு முன்பைவிட ஓங்கி அரைக்க ஆரம்பித்தது. கோபம் இன்னும் போகவில்லை என்று உத்திராபதிக்குப் புரிந்தது.

மேஜர் வந்து பிரம்பால் தட்டிப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யாருடையது இது?"

"எங்கள் வீட்டுக் கதவு, சார்."

"இங்கே என்ன செய்கிறது?"

"கோபமாக இருக்கிறது, சார்."

கல்யாணமானவரான மேஜர் அதற்கு மேல் கேட்கவில்லை. வரைபடத்தில் குறித்துக்கொண்டு, காவலுக்கு ஒரு சிப்பாயைப் போட்டார். மறுநாளே கர்னல் லியூவும் ஒரு சிப்பாயைப் போட்டார், கூடவே ஒரு ஆட்சேபமும் சொல்லியனுப்பினார். கதவின் முகம் இந்தியக் கரையைப் பார்த்திருக்கிறது, எங்களுக்கு முதுகைக் காட்டுகிறது, கூட்டாளிக்கு இதுதான் மரியாதையா? மேஜரோ, முகம் எங்கள் பக்கம் என்றால் கதவும் எங்கள் பக்கம் என்றார். இரண்டு கரைக்கும் நடந்து நடந்து மூங்கில் பாலமே தேய்ந்த பிறகு, பாலம் கட்டும் பிரிவின் ஹவில்தார் மரியசூசையும் உத்திராபதியும் கதவை மெதுவாகத் தூக்கி, ஆறு வரும் திசையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். இனி அது யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

சீனச் சிப்பாய்கள் தங்கள் ஊர் வழக்கப்படி தாடி வைத்த இரண்டு காவல் வீரர்களின் படத்தைக் கதவில் ஒட்டினார்கள். இரட்டைக் கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒட்ட வேண்டிய வீரர்கள், ஒற்றைக் கதவில் தோளை இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். இந்தியச் சிப்பாய்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். இரண்டு பட்டாளமும் சேர்ந்து சண்டையில்லாமல் செய்து முடித்த முதல் காரியம் அதுதான்.

பிறகு, சாப்பாட்டுக்கு மேல் கதவடியில் வந்து உட்காருவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பஞ்சாபிக்காரன் வருவான், கார்வால் மலைக்காரன் வருவான், யுன்னான்காரன் வருவான். உள்ளேயிருந்து வருவதென்னவோ தையல்நாயகியின் வீட்டுச் சத்தம்தான். கிணற்று ராட்டினம் கிறீச்சிடும், தாளிக்கும்போது கடுகு வெடிக்கும், ஈரப் புடவையை உதறிக் கொடியில் போடுவாள். ஆனால் ஈரப் புடவையை உதறுவதற்கு உலகம் முழுக்க ஒரே சத்தம்தான் என்பதால், ஆளாளுக்கு அவனவன் வீடு கேட்டது. கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவார்கள். ஒருமுறை அவள் நாலு நாள் விடாமல் இருமினாள். கர்னல் லியூ தன் வைத்தியரிடம் சொல்லி வேர்களும் பட்டைகளும் கட்டிக் கதவடியில் வைக்கச் சொன்னார். காலையில் பொட்டலம் இல்லை. இருமலும் நின்றது.

உத்திராபதியின் மனைவி உத்திராபதியோடு பேசுவதில்லை என்பது இரண்டு ராணுவத்துக்கும் தெரிந்த ரகசியம். யோசனை சொல்லாத ஆள் இல்லை. முட்டி போடச் சொன்னான் ஒருவன். வளையல் வாங்கி வைக்கச் சொன்னான் ஒருவன். மேஜரே ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பு யார் பேரில் இருந்தாலும் மன்னிப்பு நீதான் கேட்கவேண்டும், இது ராணுவ ஆலோசனை அல்ல" என்றார்.

உத்திராபதி கேட்காமலா இருந்தார்? தினமும் மத்தியானம், ஆட்கள் கலைந்த பிறகு, கதவில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவார். இன்றைக்கு மேஜர் என்ன சொன்னார், நான் அதை எப்படி ஆற்றிக் கொடுத்தேன், கர்னல் என்ன ஏசினார், அதை எப்படி மாற்றினேன், எல்லாம் சொல்வார். "கால் நல்லாருக்கு தையலு, ஈரத்துல மட்டும் கொஞ்சம் அரிக்குது" என்பார். "கேட்டிருக்கணும். உங்கிட்டக் கேட்டிருக்கணும்" என்பார். உள்ளே ஒரு சத்தமும் வராது. ஆனால் அவர் பேசும்வரை ராட்டினமும் ஓடாது, அம்மியும் ஓடாது. ஊரார் பேச்சையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்குத் தன் பேச்சு போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் வீடு இருந்தும் உள்ளே போக முடியாத ஏக்கம், கடலுக்கு அப்பால் வீடு இருந்தபோது பட்ட ஏக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. சில நாள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவார். காவல்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள்.

அவள் குரல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது, அதுவும் அவரிடம் பேசியதில்லை. தெருவில் கீரைக்காரி கூவினாள். தையல்நாயகி உள்ளேயிருந்தே, "வேணாம் போ. ஒத்த ஆளுக்கு எதுக்குக் கீரை?" என்றாள்.

காவலுக்கு நின்ற சீனச் சிப்பாய், அம்மா என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டான். உத்திராபதி சொன்னார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஆற்றாமல், சூடு குறையாமல், அப்படியே சொன்னார். அன்று சாயங்காலம் இரண்டு கரையிலும் கீரை இருந்தும் யாரும் தொடவில்லை.

பிறகு மழை வந்தது. மழைக்குப் பின்னால் ஜப்பான்காரன் வந்தான்.

சீனக் கரைப் பக்கமாகத்தான் வந்தான். ஆறு ஒரே இரவில் பெருகி மூங்கில் பாலத்தை அடித்துப் போய்விட்டது, தெப்பங்களும் போய்விட்டன. மரியசூசையின் ஆட்கள் உயிரைக் கொடுத்து இழுத்துக் கட்டிய வடம் ஒன்று மட்டும் இரண்டு கரைக்கும் நடுவே திட்டின் மேலாக நின்றது. நடக்கத் தெம்புள்ள சீனர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள். காயம்பட்டவர்கள் அந்தக் கரைச் சேற்றில் வரிசையாகக் கிடந்தார்கள், அவர்களை விட்டு வரமாட்டேன் என்று கர்னல் லியூவும் அங்கேயே நின்றார். பொழுது சாய்வதற்குள் பின்வாங்கும்படி மேஜருக்கு உத்தரவு வந்திருந்தது.

"எங்களால் ஆனதைச் செய்தோம் என்று கர்னலிடம் சொல்லிவிடு" என்று மேஜர் கரையிலிருந்து கத்தினார். எந்தச் சொல்லைப் போட்டு ஆற்றினாலும் அது ஆறாது என்று உத்திராபதிக்குத் தெரிந்தது. அவர் திட்டில், கணுக்காலை நனைக்கும் தண்ணீரில், கதவின் பக்கத்தில் நின்றார்.

மரியசூசை கதவைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். மெதுவாக, "சார், தேக்கு மெதக்கும்" என்றார்.

உத்திராபதி கேட்காதவர்போல நின்றார்.

அப்போதுதான் தாழ்ப்பாள் விலகியது. மழை இரைச்சலிலும் அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்தது. எத்தனையோ நாளாக அவர் கூடவே படுத்திருந்த சத்தம், இப்போது திருப்பிப் போட்டதுபோலக் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடி, கொடியில் புடவை, புளிக்குழம்பு வாசனை, கதவைப் பிடித்திருந்த கையில் அதே கண்ணாடி வளையல்கள். பாதி முகம் மட்டும் தெரிந்தது. அந்தப் பாதியே அவருக்குத் தாங்கவில்லை.

"உள்ள வாங்க" என்றாள் தையல்நாயகி. "சோறு ஆறுது."

ஒரு அடிதான். எடுத்து வைத்திருந்தால் அன்றே வீட்டில் இருந்திருப்பார், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், மரியசூசை உட்பட. தூக்கிய காலோடு உத்திராபதி நின்றார்.

"தையலு" என்றார். "இந்தத் தடவ உங்கிட்டக் கேக்கறேன். கதவு வேணும்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் விலகி நின்றார். திறந்த இடுக்கு வழியாக அவள் ஆற்றைப் பார்த்தாள், அந்தக் கரைச் சேற்றைப் பார்த்தாள், அதில் ஒருவன் தலையைத் தூக்கித் தூக்கி இந்தப் பக்கம் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைங்களுக்கும் எவளாவது வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா" என்றாள் கடைசியில். "எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. கதவு இல்லாம வூட்டுப் படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழவில்லை. பிறகு அதுவே மெல்லச் சாய்ந்து தண்ணீரில் படுத்தது, வேலையெல்லாம் முடிந்து தரையில் தலை சாய்க்கும் ஒரு பெண்பிள்ளையைப் போல.

மழை விடும்வரை கதவு வடத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் காவல் வீரர்களின் படத்தின் மேல் படுத்துக்கொண்டு காயம்பட்ட பையன்கள் வந்தார்கள். பொழுது சாய்ந்தது. மேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆட்களை வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கர்னல் லியூ வந்து இறங்கினார். அவரும் மேஜரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பாஷையில் ஏதேதோ சொன்னார்கள், யாரும் உத்திராபதியைக் கூப்பிடவில்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வடம் அறுந்தது. பித்தளை வளையம் ஒருமுறை மின்னியது, கதவு வெள்ளத்தோடு போய்விட்டது. இருட்டும்வரை கரையோரமாகக் கத்திக்கொண்டே ஓடினார்.

யுத்தம் முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். உத்திராபதி போகவில்லை. கதவு இல்லாமல் படி ஏறாதே என்று அவள் சொல்லியிருந்தாள். ஒருமுறை அவளைக் கேட்காமல் செய்து பட்டது போதாதா? அவர் ஆற்றோடு கீழே நடந்தார். படகுத் துறைதோறும் நின்று, தாடிவைத்த இரண்டு வீரர்கள் ஒட்டிய கதவு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டார். ஒரு ஊரில் மூங்கில் இறக்கினார், ஒரு ஊரில் படகு தள்ளினார், வெள்ளம் ஒதுக்கிய மரங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். கடுதாசி எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது? கதவைத் தொலைத்துவிட்டேன் என்றா? கிடைத்ததும் எழுதலாம் என்று தள்ளிப் போட்டார். சின்ன ஆறு பெரிய ஆற்றில் விழுந்தது, பெரிய ஆறு கிளை கிளையாகப் பிரிந்தது, ஒவ்வொரு கிளையாக நடந்தார். வருஷங்கள் போயின, தாடி நரைத்தது. கடைசிக் கிளையும் கடலில் போய் விழுந்த இடத்தில், இனி தேட ஆறு இல்லாமல், அலையைப் பார்த்து நின்றார். அங்கிருந்து ரங்கூன், ரங்கூனிலிருந்து கப்பல்.

வெளிப்பாளையத்துத் தெருமுனையில் திரும்பியபோதே தெரிந்தது. நிலை இருந்தது, கதவு இல்லை. அவர் வீட்டு வாசல் மட்டும் தெருவில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. படிக்குக் கீழே நின்றார். ஏறவில்லை. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைத் தட்டினார்.

வீட்டுக்குள்ளே எங்கோ தேக்கைத் தட்டும் சத்தம் கேட்டது.

தையல்நாயகி ஈரக்கையோடு வந்து நின்றாள். தலை பாதி வெளுத்திருந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது.

"கதவு கெடைக்கல தையலு" என்றார் உத்திராபதி. "ஆறு முச்சூடும் தேடிட்டேன். கடல் வரைக்கும் தேடிட்டேன்."

அவள் ஒதுங்கி நின்றாள். உள்ளே, கிணற்றடிச் சுவரில், கதவு சாய்ந்திருந்தது. உப்பு பூத்து வெளுத்து, சிப்பி ஒட்டி, காவல் வீரர்களில் ஒருவரின் தாடி மட்டும் மிச்சமிருந்தது. அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் ஈரமாக இருந்தன.

"அந்த மழை முடிஞ்சு தை மாசமே வந்திருச்சு" என்றாள். "கரையில ஒதுங்கிக் கெடந்துச்சுன்னு கடலுக்குப் போறவங்க தூக்கியாந்து போட்டாங்க. கதவு வந்திருச்சு, ஆளு வரல, பொட்ட அழிச்சிரு தையலுன்னு தெருவே வந்து சொல்லிச்சு. நான் அழிக்கல. மாட்டித் தரேன்னு ஆசாரி வந்தாரு. வேணாம்னுட்டேன். ஒருக்கா அவசரப்பட்டுச் சாத்துனது போதும், தெறந்தே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கதவு இல்லாம படி ஏறாதேன்னு நீதான..."

"சொன்னேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ரெண்டு பட்டாளம் ஏசிக்கிட்டதெல்லாம், என்ன மனசுல வச்சுக்கிட்டு ஏசுறாங்கன்னு பாத்துப் பாத்துக் கொண்டு குடுத்தேன்னு தெனம் வந்து பீத்திக்குவீங்களே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எம் பேச்ச மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டீங்களா? சீக்கிரம் வந்து சேருங்கன்னு சொன்னேங்க. அது ஒண்ணுதான் சொன்னேன்."

அந்த நாளில் திட்டிலிருந்து கரைக்கு நடந்த தூரமெல்லாம் உத்திராபதியின் கண்முன்னால் நின்றது. அதில் ஒரு முழம் நடந்திருந்தால் போதும், அந்தச் சொல் ஆறியிருக்கும்.

"உள்ள வாங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சோறு ஆறுது."

அவர் படி ஏறினார். அவர் பின்னால் தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசலில் நின்று பழக்கமில்லாததால் அவள் பாட்டுக்குக் கடந்து போனாள். தையல்நாயகி கதவில்லாத வாசலில் வந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏ கீரை! இங்க ரெண்டு கட்டு குடுத்துட்டுப் போ."